ஆராய்ச்சியை விட்டுவிட்டு வழிகாட்டப் போவது தோல்வியா?

உயிரித் தொழில்நுட்பத்தில் பி.எச்டி, அதற்குப் பிந்தைய ஆராய்ச்சியான போஸ்ட்டாக் எல்லாம் முடித்தவர்கள் ஆய்வகத்தை விட்டு இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் வேலைக்குப் போனால் அது தோல்விதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நானே அப்படி வந்தவள், விரும்பி வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் செய்தது நெல் ஆராய்ச்சி. உப்பேறிய கடலோர நிலத்தில் நெல்லை எப்படித் தாக்குப்பிடிக்க வைப்பது என்பதுதான் கேள்வி. அலையாத்திக் காட்டில் வளரும் அவிசென்னியா மரம் உப்புத் தண்ணீரிலேயே நின்று, அதிகப்படி உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு அந்த மரத்திலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்தது எங்கள் துறையில் இருந்த பலருக்கும் பெரிய உந்துதல். விதையிலிருந்து கேலஸ் என்ற செல் திரளை வளர்த்து, மரபணுவைச் செடிக்குள் கொண்டுசேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவோடு சேர்த்து, ஆன்டிபயாடிக் கலந்த ஊடகத்தில் பிழைத்ததை, அதாவது மரபணு ஏறியதை மட்டும் எடுத்து, அதைச் செடியாக்கி மண்ணுக்குக் கொண்டுவரவே மாதக்கணக்கில் ஆகிவிடும், அதுவும் நம் ஊர் இண்டிகா ரகங்கள் பல லேசில் துளிர்க்காது. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும், இப்போதும்தான்.

2010 பிப்ரவரியில் பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயைச் சாகுபடிக்கு விடுவதை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அதற்கப்புறம் மரபணு மாற்றுப் பயிர்களை வயலில் சோதிக்க மாநில அரசின் சம்மதமும் தேவைப்பட்டது, நிறைய பேருடைய செடிகள் பசுமைக்குடிலைத் தாண்டவே இல்லை. அந்தச் சமயத்தில் பி.எச்டி சேர்ந்த பிள்ளைகளைத்தான் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தங்கள் வேலை எங்கே போய்ச் சேரும் என்று யாரிடம் கேட்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கைடிடம் கேட்கப் பயம், வீட்டில் சொன்னால் புரியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவி டி.என்.ஏ-வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் சோதனை செய்துகொண்டிருந்தாள். டி.என்.ஏ போடாததால் ஜெல்லில் எதுவுமே வரக்கூடாத நெகட்டிவ் கன்ட்ரோலிலும் பேண்ட், அதாவது டி.என்.ஏ கோடு, வந்துகொண்டே இருந்தது. தண்ணீர், ப்ரைமர், மாஸ்டர் மிக்ஸ் என்று சோதனையில் சேர்க்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் புதுசு மாற்றிப் பார்த்தால் எது கலப்படம் என்று ஓரிரு நாளில் தெரிந்துவிடும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கைடிடம் சொன்னால் திட்டு விழும் என்று வாரக்கணக்கில் மறைத்து வைத்திருந்தாள். கருவி, கெமிக்கல், பணம் எல்லாம் இருந்தும் அந்த லேபில் ஆராய்ச்சி நின்றுபோயிருந்தது, காரணம் வெறும் பயம். இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசுவதை நான் ஓய்வு நேர உபகாரமாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக இதுவே முழு வேலையாக இருக்க வேண்டியது என்று தோன்றிவிட்டது.

இது ஆராய்ச்சி வராதவர்கள் செய்யும் வேலை என்று நினைக்கிறவர்கள் ரான் வேல் (Ron Vale) என்ற அமெரிக்க உயிரியலாளரைப் பாருங்கள். செல்லுக்குள் சரக்குகளைச் சுமந்து நடக்கும் கைனெசின் என்ற புரதத்தை 1985-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவர்தான் விஞ்ஞானிகளின் விரிவுரைகளை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி ஐபயாலஜி என்ற திட்டத்தைத் தொடங்கினார், இந்தியாவில் புதிதாக லேப் தொடங்கும் உயிரியலாளர்களும் மூத்தவர்களும் சந்திக்கும் கூட்டங்களை 2009-லிருந்து நடத்தும் இந்தியாபயோசயன்ஸ் என்ற அமைப்பு உருவாகவும் அவர் ஒரு காரணம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுநேர வழிகாட்டி என்ற பதவியே பல நிறுவனங்களில் கிடையாது, பயிற்சித் துறை, ஃபெலோஷிப் திட்டங்கள், கல்லூரி வேலை என்று சேர்த்துத்தான் வண்டி ஓடும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கடி. பி.எச்டி மாணவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய்தான், அதுவும் பலருக்கு மாதாமாதம் வருவதில்லை, மொத்தமாகத் தாமதித்து வரும். அதனால் யார் வந்தாலும் தலைப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வாடகை எப்படிக் கட்டுகிறாய் என்றுதான் கேட்பேன்.

அப்புறம், துறையும் செத்துவிடவில்லை. வெளி மரபணு எதுவும் சேர்க்காத சில வகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022-ல் விதி தளர்ந்தது, 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அரசு அறிவித்தது. அதில் ஒன்றான பூசா டி.எஸ்.டி ரைஸ் 1 வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக உருவாக்கியது. இன்றைக்கு மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நல்ல காலம் இருக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறேன்.

உங்களுக்கும் இதில் ஆசை இருந்தால் வேலையை உடனே விட வேண்டாம். உங்கள் லேபுக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் ஒரு எம்.எஸ்சி மாணவரிடமிருந்து தொடங்குங்கள். வாரம் ஒருமுறை அவருடைய லேப் நோட்டை வாங்கி, சரியாக வராத சோதனைகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தீர்கள் என்றால் அடுத்ததை யோசிக்கலாம்.