ஏமாறுகிறவர் யார்?

கேள்வி: தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியும் முகநூலும் பரப்பும் பொய்களைப் பாமரச் சனம் அப்படியே நம்பிவிடுகிறது. இவற்றை அரசாங்கம் கட்டுப்படுத்தினால் என்ன?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்தப் பாமரச் சனத்தில் உங்களைச் சேர்த்தீர்களா? சேர்த்திருக்கமாட்டீர்கள். இந்தப் பக்கத்துக்கு எழுதுகிற எவரும் சேர்ப்பதில்லை. பிரசாரம் என்னை அசைக்காது, அடுத்தவரைத்தான் கெடுக்கும் என்ற இந்த நினைப்பைப் பற்றி டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இலேயே எழுதிவிட்டார். தணிக்கைக்காரரும் இப்படித்தான் நினைக்கிறார் என்றும் சொன்னார்.

படித்தவர் தப்பிவிடுவார் என்பதும் சரியில்லை. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'சேலை என்பது ஸ்கொட்லாந்துக்காரர் உடுத்தும் மடிப்புப் பாவாடை' என்பது போன்ற பொய் வாக்கியங்களை மாணவர்களிடம் கொடுத்தார்கள். இரண்டாம் முறை கண்ணில் பட்டபோது அவை கொஞ்சம் கூடுதல் உண்மையாகத் தெரிந்தன. சரியான விடை தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான்! உங்கள் வெள்ளவத்தைக் காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். சரி, அவர் போயே இராத ஊரைப் பற்றி, பழகியே இராத சனத்தைப் பற்றி ஒரு பொய்யை மாதக்கணக்கில் அவர் காதில் போடுங்கள். அப்போதும் சிரிப்பாரா?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அந்தக் கதையைக் கொழும்பில் எனக்குச் சொன்னவர்கள் பட்டதாரிகள். அடுத்த மாதம் கண்டியில் கலவரம் வந்ததும் அரசாங்கம் முகநூலை முடக்கியது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் முடக்கியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமே வந்துவிட்டது. இணையத்தில் வருவதில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் கொடுக்கிற சட்டம் அது. நான் அதை எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். தேர்தல் மேடையில் பொய் சொல்பவர்தானே நாளை அந்த நாற்காலியில் இருந்து ஆட்களை நியமிக்கப் போகிறார்?

அப்புறம், நான் ஓயாமல் சொல்வதுதான்: கொழும்பில் இருக்கிறீர்கள், சிங்களம் தெரியும். சிங்களச் செய்தியையும் பாருங்கள். ஒரே சம்பவம் இரு மொழிகளில் எப்படி வேறு வேறாக வருகிறது என்று தெரியும். அடுத்த கடிதத்தில், நீங்கள் வாக்களித்த கட்சி சொல்லி நீங்கள் நம்பிய ஒரு பொய்யை எழுதுங்கள். முழுதாகப் பிரசுரிக்கிறேன்.