மியூனிக் வரும் தம்பிக்கு: அந்தக் கட்சியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள்

தம்பி, வேலைக்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள மியூனிக் வரப்போகிறீர்கள். 'பவேரியா ஜெர்மனியிலிருந்து பிரிய வேண்டும்' என்று ஒரு கட்சியின் சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, பிரிந்தால் விசா என்னாகும், வீடு எப்படிப் பிடிப்பது, அரிசி பருப்பு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி பருப்பெல்லாம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும், விடுங்கள்.

அந்தக் கட்சியின் பெயர் பயர்ன்பார்ட்டாய், அதாவது பவேரியக் கட்சி. 1946இல் தொடங்கியது. 1949 தேர்தலில் பவேரியாவின் வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கி, 17 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பிறகு சூதாட்ட விடுதி உரிம ஊழலில் தலைவர் பாம்கார்ட்னர் பொய்ச்சாட்சிக்காகத் தண்டனை பெற, கட்சி படுத்துவிட்டது. 2013 மாநிலத் தேர்தலில் 2.1 சதவீதம். 2023இல் ஒரு சதவீதம்கூட இல்லை. சட்டமன்றத்தில் நுழையவே 5 சதவீதம் வேண்டும். பிரிவதற்கு வாக்கெடுப்பு கேட்டு ஒருவர் போட்ட மனுவையும் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளிவிட்டது, மாநிலங்கள் பிரிந்துபோக சாசனத்தில் இடமில்லை என்று. உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

பல வருஷம் இங்கே இருந்தும் உள்ளூர்ச் செய்தித்தாளைப் புரட்டாத நம் ஆட்கள்தான் இப்படிப் படம் போட்டுப் பீதி கிளப்புகிறார்கள். குடியேறிகளை எதிர்த்தே வாக்குக் கேட்கும் ஏஎஃப்டி கட்சி அதே 2023 தேர்தலில் இங்கே 14.6 சதவீதம் வாங்கியது. அதைப் பற்றி அந்தக் குழுக்களில் ஒரு வரி வராது. பயர்ன்பார்ட்டாயின் சண்டை முதலில் பெர்லினிலுள்ள மத்திய அரசோடு.

ஆனால் அலுவலகத்தில் வடக்கு ஜெர்மானியர்கள் இந்தக் கட்சியைக் கிண்டலடித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். நம்மவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து மேசைப் பவேரியர் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அந்தக் கட்சிக்கு ஒருநாளும் வாக்களித்திருக்க மாட்டார், இருந்தாலும் உள்ளே குறுகுறுப்பு உண்டு. 1949இல் ஜெர்மனியின் சாசனத்தை ஏற்க மறுத்த ஒரே மாநிலச் சட்டமன்றம் இவர்களுடையது. மாநிலங்களுக்கிடையிலான நிதிப் பகிர்வில் அதிகம் கொடுப்பதும் இவர்களே. கட்டும் வரியில் டெல்லியிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று பேசிப் பேசியே வளர்ந்த நமக்கு இந்த மனத்தாங்கல் புரியாதா?

நான் வந்த புதிதில் முன்பணம் வாங்கிய தரகர் கையை விரித்துவிட்டார். நவம்பர் குளிரில் பெட்டியோடு நின்ற எனக்கு அறை தந்தவர் அந்தக் கட்சியின் பழைய உறுப்பினர். கோடையில் பீர் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். பானத்தை மட்டும் அங்கே வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவி, தண்ணீர் விடும்வரை காத்திருந்துதான் சாப்பிடுவார். என் புளிசாதத்தையும் ஒரு கை பார்ப்பார். "பெர்லின்காரனுக்கு எங்கள் மாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தால் இருட்டும்வரை பேசுவார். அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊர்ப் பேச்சு என் நாக்கில் ஏறியது. இன்று ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் நானும் ஒருவன், கூட்டத்தில் அவர்கள் பேச்சிலேயே பேசுகிறேன்.

வீட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: நேரில் பார்த்து ஒப்பந்தம் போடாமல் யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.