வாசகர் கேள்வி: உடைந்த சுங்கானைச் சீர்செய்ய

கேள்வி: தாத்தா வைத்திருந்த பிரையர் மரச் சுங்கானை (புகையிலை பிடிக்கும் பைப்) துடைக்க எடுத்தோம். வாய்க்குழலைத் திருகியதும், தண்டுக்குள் செருகும் அதன் முளை முறிந்து மரத்தண்டுக்குள் சிக்கிக்கொண்டது. சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஒட்டாதீர்கள். முளையில் புகைத்துளை போக மிஞ்சுவது மெல்லிய வளையம்தான். பல்லில் கடித்துப் பிடிக்கும்போது பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும், பசை தாங்காது. புது முளைதான் போட வேண்டும்.

முதலில் உள்ளே இருக்கும் துண்டை எடுங்கள். சுங்கானைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால், வாய்க்குழலின் எபோனைட் (கெட்டி ரப்பர்), மரத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கிப் பிடி தளரும். எடுத்த உடனேயே, முளையின் புகைத்துளையைவிடச் சற்றே தடித்த மர ஸ்குரூவைக் கையால் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, லேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு ஆசைப்பட்டால் ஸ்குரூ ஆப்பு மாதிரி வேலை செய்து தண்டையே பிளந்துவிடும்.

புது முளைக்கு டெல்ரின் கம்பி நல்லது. புஷ் கடையும் ஓசூர் லேத் பட்டறைகளுக்குப் பழக்கமான பிளாஸ்டிக்தான் அது. மரத்துளையின் ஆழத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக முளை நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீளம் கூடினால் மூட்டில் இடைவெளி தெரியும். வாய்க்குழலில் முறிந்த முகத்தைச் சமமாகத் தேய்த்து, 12 மி.மீ. ஆழத்துக்குத் துளையைப் பெரிதாக்குங்கள். டிரில் பிட்டை அரை மில்லிமீட்டர் வீதம் ஏற்றி, கையாலேயே சுழற்றுங்கள். வேகம் கூடினால் எபோனைட் சூடாகி பிட்டைக் கவ்வும், குழல் பிளக்கும்.

டெல்ரின் வழுவழுப்பானது, பசை பிடிக்காது. ஒட்டும் பகுதியில் அரத்தால் ஆழமாகக் கோடுகள் போட்டு, இரண்டு டியூப்களாக வரும் எபாக்சி பசையைக் கலந்து தடவுங்கள். புகைத்துளைக்குள் வாசலின் பூசிய பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) நுழைத்துவையுங்கள், பசை அடைக்காது. முளையில் வெளியே நிற்கும் பாதிக்கும் வாசலின் தடவி, பசை ஈரமாக இருக்கும்போதே தண்டில் செருகி நேர் பாருங்கள். கோணல் வருவது இந்த இடத்தில்தான். 24 மணி நேரம் தொடக்கூடாது.

கேள்வி: தண்டில் மயிரிழை விரிசல். வாய்க்குழலும் பச்சை பாய்ந்திருக்கிறது.
– வாசகர், தருமபுரி

பதில்: விரிசல் முடியும் இடத்தில் 1 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாது. நீர்போன்ற சூப்பர் குளூவை விரிசலில் இறக்கி, மேலே பூண் போடுங்கள். உலக்கைக்குப் பூண் இறக்குகிற அதே வேலைதான். வெள்ளி வேலை செய்பவரிடம் தண்டின் விட்டத்தைவிட மிகச் சிறிதளவே குறைந்த வளையம் வாங்கி, வாய்க்குழலைக் கழற்றிவிட்டு, வளையத்தைச் சூடாக்கி அழுத்துங்கள். ஆறும்போது இறுகும். பூண் இல்லாமல் பசை மட்டும் போட்டால், வாய்க்குழலைச் செருகும் ஒவ்வொரு முறையும் விரிசல் வாய் திறக்கும்.

பச்சை நிறம், வெயில் பட்டு எபோனைட்டிலுள்ள கந்தகம் மேலே வந்ததால். 400, 800, 1500, 2000 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேயுங்கள்; நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும். பிறகு சன்னலோரம் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் திரும்பப் பாயும்.