ஞாயிற்றுக்கிழமை செல்லாத சீசன் பாஸ்

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறோம். ஏப்ரல் கடைசியில் மதுரைக்கு அப்பால் உள்ள ஒரு தீம் பார்க்கில் எனக்கும் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஓராண்டு சீசன் பாஸ் வாங்கினோம். ஒரு பாஸ் 3,500 ரூபாய், மொத்தம் 14,000. ஒருநாள் டிக்கெட் 1,000 ரூபாய். 'ஆண்டு முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும்' என்று தமிழில் விளம்பரம் செய்திருந்தார்கள். மே மாதம் நானும் பிள்ளைகளும் வார நாளில் இரண்டு முறை போனோம். கணவருக்குக் கடை, ஞாயிறு மட்டுமே விடுமுறை. ஜூனில் அவரோடு ஞாயிற்றுக்கிழமை போனபோது, ஞாயிறும் அரசு விடுமுறையும் பாஸ் செல்லாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கார்டின் பின்புறம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அப்படி இருக்கிறது. பணம் திருப்பித் தரப்படாது என்றும் இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அலைக்குளத்தைப் பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? குறைந்தது, கணவரின் பாஸில் என் தங்கையையாவது அழைத்துச் செல்லலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியின் மையம் அலைக்குளம் அல்ல, ஞாயிற்றுக்கிழமை. அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் வழக்கு வலுவாக நிற்கும்.

ஞாயிறும் விடுமுறை நாள்களும் பாஸ் செல்லாது என்று நிபந்தனை வைக்கும் உரிமை பூங்காவுக்கு உண்டு. கூட்டம் குறைந்த நாள்களை நிரப்பத்தான் இப்படிப்பட்ட பாஸ்களைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். ஆனால் அந்த நிபந்தனையைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை: விளம்பரத்தில் சொல்லும் வாக்கு எந்த மொழியில் இருக்கிறதோ, அதைக் கட்டுப்படுத்தும் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்துருவும் ஒன்றாகவே இருக்க வேண்டும், அந்தக் குறிப்பு முதன்மை வாக்குக்கு முரணாக இருக்கக் கூடாது. 'ஆண்டு முழுவதும்' என்று தமிழில் பெரிதாக அழைத்துவிட்டு, ஆண்டின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளையும் ஆங்கிலப் பொடி எழுத்தில் கழித்துக்கொள்வது எந்த வகையில் நேர்மை? உங்கள் மனுவின் முதல் பத்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் கண்டு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். பேரம் பேச வழியே இல்லாமல் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள நேரும் ஒருதலைப்பட்சமான நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று, வீட்டுமனை நிறுவனம் ஒன்று தொடர்பான 2019 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு என்றாலும், சொல்லப்பட்ட நியாயம் உங்கள் கார்டுக்கும் பொருந்தும் என்று வாதிடலாம்.

இந்த இடத்தில் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பில் புகார் செய்தால், தொகை எவ்வளவு சிறியதானாலும் அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே மனுவில் அந்தச் சொற்றொடரை முன்னிறுத்தாமல், சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு தலைப்புகளில் எழுதுங்கள். அப்படி எழுதினால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தொடுக்கலாம். பாஸின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. அதனால் கொச்சியிலோ பெங்களூரிலோ உள்ள பூங்காவில் பாஸ் வாங்கி ஏமாந்த மதுரை வாசகர்களும் அந்த ஊர்களுக்கு அலைய வேண்டியதில்லை.

அலைக்குளம் பற்றி: சில நாள் பராமரிப்பு எல்லாப் பூங்காவிலும் நடப்பது, பாதுகாப்புக்குத் தேவையானதும்கூட. அதற்காக வழக்குப் போட வேண்டாம். இரண்டு மாதம் மூடுவது அப்படியல்ல. பாஸை விற்ற ஏப்ரலிலேயே அந்த வேலை திட்டமிடப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கான ஆவணங்களைத் தாக்கல் செய்யும்படி பூங்காவுக்கு உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, மனுவிலேயே கேளுங்கள்.

இனி, என்ன கேட்பது? முழு 14,000 ரூபாயையும் கேட்காதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் இரண்டு முறை போய் வந்திருக்கிறீர்கள். அந்த மூன்று பாஸ்களில் தலைக்கு 2,000 ரூபாய் மதிப்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. எஞ்சியது 1,500 வீதம் 4,500. கணவரின் பாஸ் ஒருமுறைகூடப் பயன்படவில்லை. அந்த 3,500 முழுவதும் திரும்ப வர வேண்டும். ஆக 8,000 ரூபாய், அதன்மேல் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஓர் அளவான தொகை. அளவோடு கேட்கும் மனுவை ஆணையம் மதிக்கும்.

ஆனாலும், பணத்தைவிட நல்ல தீர்வு ஒன்று உங்களுக்கு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏப்ரல் கடைசியில் வாங்கிய ஓராண்டு பாஸ், அடுத்த ஏப்ரல் கடைசியில், பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடும் நேரத்தில் காலாவதியாகிறது. இந்த மே மாதம் போக, இன்னொரு மே உங்களுக்குக் கிடைக்காது. அலைக்குளம் மூடிய இரண்டு மாதத்துக்கு ஈடாகச் செல்லுபடி காலத்தை இரண்டு மாதம் நீட்டிக்கச் சொல்லுங்கள். ஜூன் கடைசிவரை பாஸ் உயிரோடிருக்கும், இன்னொரு கோடை விடுமுறை முழுவதும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அதோடு நான்கு பாஸுக்கும் ஞாயிறு அனுமதியையும் கேளுங்கள். இரண்டையும் பூங்கா எழுத்தில் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நான்காவது வருகையிலேயே பாஸின் விலை திரும்பிவிடுகிறது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளோடு ஒரு கோடையும் சேர்ந்தால் அதைத் தாராளமாகத் தாண்டுவீர்கள். பூங்காவுக்கும் கையிலிருந்து பணம் கொடுப்பதைவிட இது எளிது, அதனால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். வாய்மொழி வாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

தங்கை விஷயத்தில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. பெயரும் படமும் உள்ள பாஸை மற்றவருக்கு மாற்ற முடியாது என்பது நியாயமான நிபந்தனை. கணவரின் கார்டைக் காட்டித் தங்கையை அனுப்பினால், பாஸை ரத்து செய்யும் காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். அதைச் செய்ய வேண்டாம். பெயர் மாற்றித் தரும்படி கடிதத்தில் வேண்டுகோளாகக் கேட்பதில் தவறில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். சிறிய தொகைப் பிணக்குகள் பலவும் அங்கேயே தீர்கின்றன. கூடவே, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் எழுதி, பெற்றதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்குச் சாட்சி. விளம்பரத் துண்டுப் பிரசுரம், ரசீது, கார்டின் இரு பக்கப் படம், வாசலில் நிறுத்தப்பட்ட தேதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவை ஆதாரமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது. அதில் அந்தக் கருவியின் விவரம் கேட்கப்படும்.

வாசலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பாஸ் காலாவதியாவதற்குள் போனால்தான் கால நீட்டிப்பைக் கேட்பதில் பொருள் இருக்கும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். துணை வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.