ஐந்து நாள் பாத யாத்திரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

உங்கள் கேள்வி இது: மொத்தம் 115 கி.மீ., கையில் 5 நாள் லீவு, தினமும் காலையில் 5 கி.மீ. நடக்கும் பழக்கம் உண்டு. அதனால் நாளுக்கு 23 கி.மீ. என்று பிரித்துக்கொள்ளலாமா?

அப்படிச் சமமாகப் பிரிக்காதீர்கள். 23 என்பது முடியாத தூரம் இல்லை. தெம்பாக இருக்கும் ஒரு நாளில் 23 கி.மீ. நடந்துவிடுவீர்கள். மறுநாள் காலையில் அதே காலோடு எழுந்து இன்னொரு 23 நடக்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத நடைக்குப் பிறகு தசை வலி உடனே முழுதாகத் தெரியாது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும். அதாவது முதல் நாள் நடையின் வலியை இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அனுபவிப்பீர்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் இந்த வலியை அதிகம் கொடுக்கும், ஏனென்றால் இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்பெயினில் சாரியாவிலிருந்து சாந்தியாகோ தே கம்போஸ்தேலா வரை போகும் யாத்திரைப் பாதை. அதுவும் ஏறக்குறைய உங்கள் தூரம்தான். வழக்கமான ஐந்து நாள் திட்டத்தில் முதல் நாள் போர்த்தோமரினுக்குச் சுமார் 22 கி.மீ., அடுத்து பாலாஸ் தே ரேய்க்கு 25, மூன்றாம் நாள் அர்சுவாவுக்கு 29, பிறகு 19, கடைசியில் 20. மூன்றாம் நாளைப் பாருங்கள். உடம்பு மிகவும் நொந்திருக்கும் நாளில்தான் மிக நீளமான தூரம் வருகிறது. முதல் நாள் முடிவிலோ, போர்த்தோமரினுக்கு முன்னால் மின்யோ ஆற்றை நோக்கி நல்ல செங்குத்தான இறக்கம், பாலம் தாண்டியதும் ஊருக்குள் ஏறப் படிக்கட்டு. அந்த இறக்கத்தில் வேகமாக இறங்கியவர்கள் மூன்றாம் நாள் காலையில் பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து மாடிப்படி இறங்குவார்கள். அதனால்தான் பலர் அந்த 29 கி.மீ.யை மெலிதே என்ற ஊரில் பாதியாக உடைத்து ஆறு நாளாக்கிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் முடிந்தால் இன்னொரு நாள் லீவு போடுங்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான்.

சரி, தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? கிலோமீட்டரில் யோசிப்பதை விட்டுவிட்டு மணி நேரத்தில் யோசியுங்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு மொத்தம் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 24 கி.மீ. தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள நாள் என்றால் ஐந்தரை மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல உடல் தகுதி உள்ளவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. பையைச் சுமந்துகொண்டு, தண்ணீர் குடிக்க, சாப்பிட, வழி கேட்க நின்று நடக்கும் நம்மைப் போன்றவர்கள் அதோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஏழரை மணி நேரம் ஆகிவிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி. வெயில் காலமாக இருந்தால் அதுவே உங்கள் எல்லை. அதற்கு மேல் தூரம் போடாதீர்கள்.

பாதையின் தரையையும் கணக்கில் எடுங்கள். மண் பாதையில் பாதம் விழும் விதம் அடிக்கு அடி கொஞ்சம் மாறும். தார் ரோட்டில் ஒரே அடி ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் விழும், ரோட்டின் ஓரச் சரிவில் நடந்தால் ஒரு பக்க இடுப்பும் முட்டியும் சீக்கிரம் வலிக்கும். முழுக்கத் தார் ரோடு என்றால் அந்த நாளில் இரண்டு மூன்று கி.மீ. குறைப்பேன்.

அப்புறம் கொப்புளம். நடந்துகொண்டே இருக்கும்போது குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஓர் இடம் மட்டும் சூடாக உறுத்தும். தோல் இன்னும் கிழிந்திருக்காது, சிவந்துதான் இருக்கும். அந்த நிமிடமே நில்லுங்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, காற்றில் காயவிட்டு, பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொண்டு கிளம்ப கால் மணி நேரம் ஆகும். திட்டத்தில் நேரம் இறுக்கமாக இருப்பவர்தான் “அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடப்பார். அடுத்த ஊருக்குள் அது நீர் கோத்துவிடும், மீதி மூன்று நாளும் நொண்டி நடக்க வேண்டியதுதான். இந்தக் கால் மணி நேரத்துக்காகவே ஒவ்வொரு நாளிலும் ஒரு மணி நேரம் சும்மா விட்டுவையுங்கள்.

பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். குழுவாகப் போனால் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் கணக்கு.

உங்கள் 115 கி.மீ.யை நான் பிரிப்பதாக இருந்தால் ஆறு நாளுக்கு 16, 20, 18, 22, 22, 17. ஐந்து நாள்தான் என்றால் 20, 24, 22, 26, 23. நீளமான நாள் நான்காவதாக வருகிறது, அதற்குள் கால் பழகியிருக்கும். தங்கும் இடங்கள் இதே தூரத்தில் அமையாது, இரண்டு மூன்று கி.மீ. முன்பின் ஆகட்டும். ஆனால் தங்கும் இடம் பாதையிலிருந்து விலகி இருந்தால், அங்கே போய் வரும் தூரத்தையும் சேர்த்து எழுதுங்கள். களைத்த காலுக்கு அந்த ஒன்றரை கி.மீ. பெரிய தூரம்.

தினம் 5 கி.மீ. நடப்பது நல்ல அடித்தளம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இன்னும் ஆறு வாரமாவது இருந்தால் வாரக் கடைசியில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 16 கி.மீ. நடந்து பாருங்கள், யாத்திரைக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே பை. ஞாயிறு மதியம் எப்படி இருக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். சிரமமாக இருந்தால் பாதையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் வேண்டுமானால் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, உங்கள் பாதையில் அப்படி எதுவும் இல்லையென்றால் மீதி 90 கி.மீ. இருக்கும் இடத்தில் தொடங்குவதிலும் குறையே இல்லை. போய்ச் சேர்ந்ததும் உட்கார இடம் தேடாமல், நிம்மதியாக நின்று வேண்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.