சித்தூரில் தண்ணீர் வரும் திசை

அன்புள்ள அண்ணா,
போன மாதம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரை போனோம். டீக்கடை, சந்தை எங்கும் தமிழ்தான் காதில் விழுந்தது. 1956-இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது நம்மிடமிருந்து கைவிட்டுப்போன ஊர்களா இவை?
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை. நீங்கள் போன கொழிஞ்சாம்பாறை கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது, ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. இந்தச் சித்தூர் அதற்கு முன்பும் சென்னை மாகாணத்தில் இருந்ததில்லை, கொச்சி ராஜ்யத்தின் தனித்துண்டாகக் கிடந்த நிலம் அது. 1956 வரை சென்னையோடு இருந்தது பக்கத்துப் பாலக்காடுதான். தமிழ் இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மாடும் வண்டியுமாக, எல்லைக்கல் நடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்துவிட்டது. சித்தூர் பகவதி கோயிலில் மாசியில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா, கொங்குப் படையை விரட்டியடித்த கதை. அந்தக் கொங்கின் பேச்சையே வீட்டில் பேசுகிறவர்களும் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த மண்ணை மொழியை வைத்துப் பார்த்தால் பாதிதான் புரியும், தண்ணீரை வைத்துப் பாருங்கள். கேரளத்தில் கரிசல் மண் பார்க்க இங்கேதான் வரவேண்டும். பங்குனியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருவமழை மேற்கே கொட்டிவிட்டு இங்கே வரும்போது மெலிந்துவிடும். அதனால்தான் இத்தனை பனை. நெல்லியாம்பதி அடிவாரத்து முதலமடையில் மாங்காய் நாட்டிலேயே முந்தி வருவதற்கும் இந்த வறட்சி ஒரு காரணம்.

அப்புறம் ஆறு. சித்தூர்ப்புழைக்குச் சோகநாசினி என்றொரு பேர், மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் அதன் கரையில்தான் இருந்தார் என்பார்கள். பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. ஆனால் கோடையில் அதில் ஓடவேண்டிய தண்ணீர் ஆழியாற்றிலிருந்து வரவேண்டும். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோரத்து மணக்கடவில் தமிழ்நாடு கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்கவேண்டும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்து மல்லுக்கு நிற்கிறார்கள். பொள்ளாச்சி விவசாயிக்கும் பயிர் காய்கிறது, சித்தூர் விவசாயிக்கும் காய்கிறது, இதில் யாரை நான் குறை சொல்ல?

டீக்கடையில் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தால் "ஆழியாத்துல தொறந்தாச்சா?" என்ற கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்கும். அடுத்தமுறை, சித்தூர்ப்புழைத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிற மூலத்தறைத் தடுப்பணைக்கு வாருங்கள். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும், பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள், வரப்பில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு தயாராக நிற்பார்.

அன்புடன்.