பழைய விண்டோஸ் டேப்லட்டில் லினக்ஸ் போடலாமா? போட்டால் அன்றாட வேலைக்கு ஆகுமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன்னால், அதில் இருக்கும் டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரை (டச், வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை விண்டோஸ் வைத்திருக்கும் இடம்) அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

உங்களிடம் இருப்பது இன்டெல் ஆட்டம் டேப்லட் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னுடையதும் அதுதான். இசட்3735எஃப் ப்ராசசர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் அப்டேட் இறங்கக்கூட இடமில்லாமல் அலமாரியில் கிடந்தது. ஓடிஜி கேபிள் (டேப்லட்டில் பென்டிரைவ், கீபோர்டு மாட்ட உதவுவது), ஹப், கீபோர்டு எல்லாம் மாட்டி உட்கார்ந்தால் பென்டிரைவிலிருந்து பூட் ஆகவே இல்லை. பென்டிரைவில்தான் கோளாறு என்று இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். விஷயம் வேறு. அந்த ப்ராசசர் 64 பிட், ஆனால் போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ, அதாவது இயக்கியதும் முதலில் ஓடி பூட் செய்யும் மென்பொருள், 32 பிட். 32 பிட் பூட் கோப்பு இல்லாத பென்டிரைவை அது கண்டுகொள்ளாது. இதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வகை 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலேயே வழி செய்துவிட்டது. அதன் புதிய பதிப்பைப் போட்டேன், ஏறிவிட்டது. வைஃபைக்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) பேக்கேஜ் ஒன்று போட்டதும் வந்துவிட்டது.

ஆனால் டச் வரவில்லை. உள்ளே இருந்தது சிலீட் நிறுவனத்தின் டச் சிப். அதற்கு ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர்தான் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். அந்த ஃபர்ம்வேரும் மாடலுக்கு மாடல் மாறும். என் மாடலுக்கானது விண்டோஸ் டிரைவருக்குள் இருந்தது, விண்டோஸைத்தான் அழித்துவிட்டேனே. தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனால் டிரைவர் பக்கத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பைத் தளத்தில் விட்டுவைப்பதில் என்ன குறைந்துவிடும்? பேட்டரியையும் பசை போட்டு ஒட்டித்தான் விற்கிறார்கள். நாம் பழுது பார்த்து வைத்துக்கொள்வதில் யாருக்கும் விருப்பமில்லை போலிருக்கிறது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அதே மாடல் வைத்திருந்த, முகம் தெரியாத ஒருவர் தன் விண்டோஸிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அனுப்பினார். போட்டதும் டச் உயிர்பெற்றது, ஆனால் இடம் வலமாக. வலது ஓரத்தில் இருக்கும் மூடும் பொத்தானைத் தொட்டால் இடது ஓரத்து மெனு திறக்கும். லினக்ஸில் சாதனங்களுக்கான அமைப்புகளை எழுதும் யூடெவ் விதியில், தொடுதலைக் கையாளும் லிப்இன்புட்டுக்கான அளவீட்டு வரியாக ‘-1 0 1 0 1 0’ என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். விரல் வைத்த இடத்திலேயே பொத்தான் அழுந்தியது. அன்று இரவு வெகுநேரம் சும்மா ஐகான்களை நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

‘ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே, இத்தனை மெனக்கெடல் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு: அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லினக்ஸ்தான், மறுக்கவில்லை. எனக்கு வேண்டியது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலும், நானே அப்டேட் செய்துகொள்ளும் வசதியும். அப்புறம், நான் புரோகிராமர் இல்லை. படித்துப் படித்துச் செய்ததுதான். உங்களுடையது ஆண்ட்ராய்டு டேப்லட் என்றால் இந்த வழி உதவாது. வேறு இயங்குதளம் ஏறாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறக்க வேண்டும், அந்த மாடலுக்கென்று கெர்னலும் இருக்க வேண்டும். ஃபோன், டேப்லட்டுகளுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் விக்கியில் மாடல் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அன்றாட வேலைக்கு ஆகுமா என்றால், பிடிஎஃப் படிக்கவும், மெயில் பார்க்கவும், எழுதவும் தினமும் இதைத்தான் எடுக்கிறேன். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் ரேம் திணறும். கேமரா இன்றுவரை வரவில்லை. அது முக்கியம் என்றால் போடாதீர்கள். போடுவதாக இருந்தால் மாடல் எண்ணைக் கருத்தில் எழுதுங்கள், டச் கோப்பை எப்படி எடுப்பதென்று சொல்கிறேன்.